கிளச் பிடிக்காத நேசபாய்

நேசபாய் வண்டி ஓட்டுகிற விதம் தவறு என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே சொல்கிறார்கள். சொல்லட்டும். "நீ அந்த விளையில ரெண்டு கேன் ரப்பர் பாலை ஏத்திக்கிட்டு ஒரு தடவை இறங்கிக் காட்டு, பொறவு வந்து பேசு" என்று நான் கேட்பேன். இதுவரை ஒருவனும் காட்டவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

என் பெயர் ஞானசெல்வி. குலசேகரத்துக்கு மேலே, மலை தொடங்குகிற இடத்தில், எங்கள் சபைக் கோயிலின் பின்வாசலுக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். கடைக்கு முன்னால் கிடக்கிற மண்பாதை அப்படியே விளைகளுக்குள், அதாவது ரப்பர் தோட்டங்களுக்குள், ஏறிப் போகிறது. அந்தப் பாதையின் கடைசியில், ஆடு ஏறவே யோசிக்கிற சரிவில் இருக்கிறது நேசபாயின் விளை. அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. பத்திரம் அவள் பெயரில். "தங்க மாலை பித்தளையா மாறினாலும் மாறும், மண்ணு மாறாது" என்று சொல்லிக் கொடுத்தாராம். அவள் அந்த விளையை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்பது ஊருக்கே தெரியும். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவாள். மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் வடிய விட்டு, வெயில் ஏறும் முன் சேகரித்துத் தலைச்சுமையாகக் கொண்டு இறங்குவாள். கீழே வந்து பாலை உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக அடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுவாள். சுருதி சேராது. அதைப் பற்றி யாராவது சொன்னால், கர்த்தருக்குக் கேட்டால் போதும், உனக்கு எதுக்குக் கேக்கணும் என்பாள்.

அவள் கணவர் ஜெயசிங் மினி பஸ் ஓட்டியவர். குலசேகரத்துக்கும் தக்கலைக்கும் நடுவில் எத்தனை வருஷம் ஓட்டினாரோ, கணக்கு அவருக்கே தெரியாது. முட்டி தேய்ந்து போய் இப்போது வீட்டில் இருக்கிறார். நல்ல மனுஷன். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. ஆனால் கிளச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கிளச்சை எப்படி மிதிக்கிறான் என்று பார்த்தாலே ஒருவனின் குடும்பம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவேன் என்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் இப்படி ஒரு பெண்சாதி வாய்த்தாள்.

எல்லாம் அந்த ரோலரில் தொடங்கியது. அன்றைக்குக் கரண்டு போயிருந்தது. பாதி ஷீட்டு உருளைகளுக்கு நடுவில் சிக்கிக் கிடந்தது. நேசபாய் சுவிட்சை அணைக்காமல் இடது கையால் அதை இழுத்துப் பார்த்திருக்கிறாள். கரண்டு வந்துவிட்டது. அவள் போட்ட சத்தம் என் கடை வரை கேட்டது. அரிசி அளந்துகொண்டிருந்த நான் படியைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் ஜெயசிங் அண்ணன் ரோலரை நிறுத்தி, தன் வேட்டியைக் கிழித்து அவள் கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். தேய்ந்த முட்டியோடு அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் காப்பாற்றினார்கள். மற்ற மூன்றும் போயிற்று.

கை ஆறிய பிறகு தொடங்கியது அடுத்த கூத்து. வலது கையில் கத்தி பிடித்துப் பால் வெட்ட அவளால் முடிந்தது. சேகரிக்கவும் முடிந்தது. ஆனால் நிறைந்த கேனைத் தூக்கித் தலையில் ஏற்ற, ஏற்றியதை அந்தச் சரிவில் பிடித்துக்கொண்டு இறங்க, இடது கை ஒத்துழைக்கவில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் பால் விலை ஆளுக்கே சரியாகப் போகும். அப்போதுதான் மார்த்தாண்டத்திலிருந்து வைகுண்டராஜன் வந்தார். பைனாப்பிள் குத்தகைக்காரர். மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு விளை முழுக்கப் பைனாப்பிள் நட்டுக்கொள்கிறேன், சில வருஷங்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்.

ஜெயசிங் அண்ணனுக்குச் சம்மதம். அவளுக்கு இல்லை. வீட்டு முற்றத்தில் பேச்சு நடந்தது. நானும் இருந்தேன், கூப்பிடாமலே போய் இருந்தேன்.

"கை போச்சு நேசம். இனி வீட்டுல இரி. எதுக்குக் கெடந்து சாவுக?" என்றார் அண்ணன்.

"மூணு வெரலுதான் போச்சு. நான் போவல்ல."

"ஒத்தைக்கு நீ பாலை எங்ஙன கீழ கொண்டு வருவ? அதைச் சொல்லு."

"கொண்டு வருவேன்."

"கொண்டு வந்தா விளை உனக்க பாடு. நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியல்லன்னா வைகுண்டராஜனுக்குப் பத்திரத்துல ஒப்பு போட்டுக் குடுக்கணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். மரம் ஒவ்வொன்றும் அவள் கை பட்டு வளர்ந்தது. அது நிற்குமா விழுமா என்பது இனி அந்தக் கேன் கீழே வருவதில் இருந்தது.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விளைந்ததில் முதல் பலனைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய் சந்தையில் விற்கிற விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். பூசணிக்காய் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. எதிர்வீட்டுக்காரன் கேட்டுவிட்டான், நான் விட்டுக்கொடுப்பதா என்கிற வீம்புதான். கர்த்தருடைய காரியமும் நடக்கும், வீம்பும் தீரும்.

அந்த வருஷம் பூசணிக்காய்களுக்கு நடுவில் ஒரு வண்டி நின்றது. பைக் போலக் கைப்பிடி, நாலு தடித்த சக்கரம். துபாய் மணலில் சுற்றுலாக்காரர்களுக்கு வண்டி ஓட்டிவிட்டு வந்த எபிசன், இங்கே கடற்கரையில் அதே தொழிலைத் தொடங்கிப் பார்த்தான். படுத்துவிட்டது. இருந்த வண்டிகளை விற்று, ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்தான். ஏ.டி.வி. என்று அவன் சொன்னான். ஊர் அதற்கு மணல்வண்டி என்று பெயர் வைத்தது. ரோட்டில் ஓட்டக்கூடாது, சொந்த இடத்துக்குள் ஓட்டிக்கொள்ளலாம்.

யாருக்கு வேண்டும் அது? யாருக்கும் வேண்டாம். ஆனால் ஞானையன் கையைத் தூக்கிவிட்டார். ஞானையன் அதே தடத்தில் போட்டி மினி பஸ் ஓட்டியவர். ஜெயசிங் அண்ணனுக்கு அது போதும். இரண்டு கிழவர்களும் மாறி மாறி ஏற்றி, கடைசியில் அண்ணன் தலையில் வண்டி விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். அன்று ராத்திரி அவர் சோறு தின்னவில்லை என்று நேசபாய் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். பின்னால் ஒரு கம்பித் தட்டு இருந்தது. இரண்டு கேன் உட்கார அது போதும்.

மறுநாளே விளைக்குள் ஓட்டினாள். அந்த வண்டிக்கு வலது பெருவிரலால் அழுத்துகிற ஆக்சிலேட்டர். கியர் இடது காலில். கிளச் இடது கையில். அங்கேதான் பாடு. இரண்டு விரலால் கிளச்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும், அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும். நாலாவது வளைவு வருவதற்குள் விரல் மரத்துப்போய், கிளச் நழுவி, வண்டி ஒரு துள்ளல் துள்ளியது. கேன் இரண்டும் கவிழ்ந்தன. பாதை முழுக்கப் பால். அண்ணன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி. பாத்தாச்சு. மதி, இனி போதும்" என்றார்.

"வண்டி ஓடிச்சு இல்லியா?" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் எபிசனைக் கடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். அவனுக்கு நான் பழம்பொரி கொடுத்தேன். பழம்பொரியைத் தின்றுகொண்டே சொன்னான்.

"மாமி, பொறப்படக் கிளச்சு வேணும். நிக்கதுக்கு வேணும். ஓடிட்டு இருக்கும்போ எதுக்கு? கியர் லிவரைக் கால் வெரலால லேசாத் தூக்கிப் பிடிச்சுக்கிடுங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து பெருவெரலைச் சட்டுன்னு எடுங்க. இஞ்சினு மூச்சு விடுகப்போ கியரு தானா விழும். பொறவு குடுங்க. மணல்ல நாங்க பாதி நாளு கிளச்சத் தொட்டதே இல்ல."

"கியருக்கு நோவாதா மக்கா?"

"செரியாப் போட்டா நோவாது. தப்பாப் போட்டா நோவும்."

"கிளச்சப் பிடிச்சுத் தப்பாப் போட்டாலும் நோவுமில்லா?"

அவன் யோசித்தான். "அதும் நோவும் மாமி. ஆனா மேல் கியருக்குப் போறது எளுப்பம். கீழ் கியருக்கு வாறப்போதான் பாத்துப் போடணும். பெருவெரலால ஒரு சின்னத் தட்டுத் தட்டிட்டுப் போடணும். அவசரப்பட்டியளோன்னா பல்லு தெறிக்கும்."

அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த நாளிலிருந்து வெறும் கேனில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஏறி இறங்கிப் பழகினாள். ஆரம்பத்தில் 'கர்ர்ர்' என்று பல் கடிக்கிற சத்தம் என் கடை வரை வரும். எனக்கே பல் கூசும். பிறகு பிறகு அது 'டக்' என்று ஒரு சத்தமாகக் குறைந்தது. புறப்படும்போது இரண்டு விரலால் ஒரு பிடி. நிறுத்தும்போது ஒரு பிடி. நடுவில் இடது கை சும்மா கைப்பிடியில் கிடக்கும். தண்ணீருக்குப் பதில் பால் வந்தது. ஒரு துளி சிந்தாமல் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்கு வந்த எல்லாருக்கும் சொன்னேன்.

சொன்னதுதான் தப்பு. ஊர் இரண்டாகப் பிரிந்தது. கிளச் பிடிக்காமல் கியர் போடலாமா கூடாதா? இதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் இல்லை என்கிற மாதிரி என் பெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். ஞானையன் கூடும் என்றார், ஜெயசிங் கூடாது என்கிற ஒரே காரணத்துக்காக. குவைத்தில் நர்ஸாக இருக்கிற நேசபாயின் மகள் ஷைஜா வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு வெள்ளைக்காரன் கட்டாயம் பிடிக்க வேண்டும் என்கிறான். மருமகன் இன்னொரு வீடியோ அனுப்பினான். அதில் இன்னொரு வெள்ளைக்காரன் வேண்டவே வேண்டாம் என்கிறான். "ரெண்டு பேருக்கும் பத்து வெரலு இருக்கு" என்று சொல்லி நேசபாய் போனை வைத்துவிட்டாள்.

அண்ணனால்தான் தாங்க முடியவில்லை. காலமெல்லாம் கிளச் மிதித்தவர். அந்த 'டக்' கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். அவர் கோபத்துக்கு உள்ளே பயம் இருந்தது, அது எனக்குத் தெரியும். ரோலர் அன்றைக்குப் போட்ட சத்தம் அவர் காதை விட்டுப் போகவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வராது. "வண்டியக் கெடுக்கா" என்றுதான் வரும். அதனால் சாயங்காலங்களில் தானே வண்டியை எடுத்து, எப்படி ஓட்ட வேண்டும் என்று ஊருக்குக் காட்டினார். பஸ்ஸை மேட்டில் நிறுத்தி நிறுத்தி ஏற்றுகிற மாதிரி, கிளச்சைப் பாதி பிடித்தபடியே இரைய விட்டு ஏறினார். கருகுகிற நாற்றம் அடித்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை வண்டி பாதி வழியில் நின்றுபோயிற்று. இஞ்சின் ஓடுகிறது, சக்கரம் நகரவில்லை. உள்ளே எதுவோ உருளுகிற சத்தம் வேறு. எபிசனின் பிக்கப்பில் ஏற்றித் தக்கலைக்குக் கொண்டுபோனோம். நானும் போனேன். கடையை அடைத்துவிட்டுப் போனேன் என்றால் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் முருகதாஸ் பிரித்தான். பழைய பேப்பரை விரித்து அதன்மேல் இரண்டு சாமானை வைத்தான். ஒன்று, கருகிப்போன கிளச் தட்டுகள். மற்றொன்று, ஓரத்தில் பல் தெறித்த ஒரு கியர்.

"இது கிளச்சப் பாதி பிடிச்சிட்டே மேடு ஏறினதுல கரிஞ்சது. இது கீழ் கியர அவசரத்துல போட்டதுல ஒடஞ்சது" என்றான். யார் செய்தது என்று அவன் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

அண்ணன் கியரை மட்டும் எடுத்துக் காட்டினார். "பாத்தியா? நான் பறஞ்சனா இல்லியா? கிளச்சு இல்லாம போட்டா இதுதான்."

நேசபாய் அந்தக் கியரை அவர் கையிலிருந்து வாங்கினாள். "இந்தப் பல்லு நான் ஒடச்சது. மழை இருட்டிட்டு வந்துச்சு, பாலுல தண்ணி விழுந்துருமேன்னு அவசரப்பட்டேன். எனக்க தப்பு" என்றாள். கியரைப் பேப்பரில் வைத்துவிட்டுத் தட்டுகளை விரலால் தொட்டாள். விரலில் கரி ஒட்டியது. "இது எனக்குள்ளது இல்ல. நான் கிளச்சத் தொடவே மாட்டேன்னு நீங்கதானே ஊரு முழுக்கப் பறஞ்சிட்டு நடந்திய?"

முருகதாஸ் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் முன்னால் உட்கார்ந்தார், அவள் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பேச்சைத் தொடங்கினார். "வண்டி நின்னாச்சு. சொன்ன வாக்கு வாக்குதான். வைகுண்டராஜனுக்கு ஒப்பு போடு."

"ஒடஞ்சது ரெண்டு. நான் ஒடச்சது ஒண்ணு. பாதி ஒப்பு போடட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நேசபாய் ஒப்பு போடவில்லை. வண்டி சரியாகி வரும் வரை கேனைப் பாதிப் பாதியாக நிரப்பி, வலது இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நடந்து நடந்து இறக்கினாள். பாதிப் பால் மரத்தடியிலேயே கட்டிப்போயிற்று. கட்டிப்போனதையும் ஒட்டுப்பாலாகச் சுரண்டி எடுத்து விற்றாள். கை வீங்கியது. நான் எண்ணெய் தடவிவிடுகையில் ஒருநாள் அழுதாள். "வலிக்கல்லட்டி செல்வி. எனக்க மரத்த வெட்டிப் போடுவானேன்னு நெனச்சாத்தான் தாங்கல்ல" என்றாள். நானும் சேர்ந்து அழுதேன். பிறகு இரண்டு பேரும் மூக்கைச் சிந்திவிட்டுப் பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடித்தோம்.

வண்டி சரியாகி வந்தது. அவள் ஓட்டினாள். கீழ் கியருக்கு வரும்போது மழையானாலும் இடியானாலும் இனி அவசரம் கிடையாது. ஊர் வாயும் கொஞ்சம் ஓய்ந்தது. அண்ணனும் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார். அடங்கிவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அடுத்த அறுப்பின் பண்டிகை அன்றுதான் தெரிந்தது.

ஆராதனை முடியப்போகிறது. சபைச் செயலாளர் காணிக்கைகளை வாசிக்கிறார். வாழைக்குலை, சேனைக்கிழங்கு, ஒரு சேவல். அதற்கப்புறம் வாசித்தார்: "ஜெயசிங் குடும்பத்தார் காணிக்கையாகப் படைக்கிறது, மணல்வண்டி ஒன்று."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேசபாய் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள். வண்டியை விற்றால் அவள் சண்டை போடுவாள். ஒளித்து வைத்தால் கண்டுபிடிப்பாள். கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவள் என்று ஊர் அவளைக் காறித் துப்பும். அதிலும் 'குடும்பத்தார்' என்று அவளையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். வண்டி போனால் பால் இறங்காது. பால் இறங்காவிட்டால் ஒப்பு போட வேண்டும். முற்றத்தில், கார் நிறுத்துகிற இடத்தில், வைகுண்டராஜன் வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார். அவர் எங்கள் சபை இல்லை. ஏலம் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். பைனாப்பிள் விளைக்கு அந்த வண்டி அவருக்கும் உதவும்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நின்றோம். எங்கள் ஏலத்தில் பெண்கள் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கேட்டதும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் புருஷனுக்குக் கண்ணைக் காட்டுவோம், அவ்வளவுதான். வாழைக்குலை போயிற்று. சேவல் போயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். செயலாளர் ஆரம்ப விலையைச் சொன்னார். வைகுண்டராஜன் கையைத் தூக்கினார்.

நேசபாய் பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு அடி முன்னால் போய் இடது கையைத் தூக்கினாள். முந்தானைக்குள் மறைத்தே வைத்திருந்த கை. இரண்டு விரலும் மூன்று மொட்டையுமாக எல்லாரும் பார்க்க மேலே நின்றது.

செயலாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போதகரைப் பார்த்தார். போதகர் பூசணிக்காயைப் பார்த்தார். "கேளுங்க செயலாளரே, கை தூக்கி நிக்கா இல்லியா?" என்று நான் கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன்.

வைகுண்டராஜன் ஏற்றினார். அவள் கையை இறக்கவில்லை. மறுபடி ஏற்றினார். அவள் கை அங்கேயே நின்றது. கையை இறக்காமல் நின்றால் எவன் என்ன சொன்னாலும் அதற்கு மேலே நான் என்று அர்த்தம். எவ்வளவுக்குப் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன், அது கோயில் காரியம்.

ஜெயசிங் அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஏட்டி நேசம், எல்லாரும் பாக்காவ. கைய எறக்கு" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டது.

"இந்தக் கைய மடக்கத்தான் முடியாது. தூக்க முடியும்."

ஏலம் போன சேவல் கூவியது. வைகுண்டராஜன் தன் கையை இறக்கிக்கொண்டார். அவர் வியாபாரி, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். "நமக்கு இது முதலாவாது, நட்டந்தான்" என்றார். பிறகு அவளைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார். "அப்ப விளைக்க காரியம் என்னம்மா?"

"விளையும் கிடையாது அண்ணாச்சி. வேற எடம் பாத்துக்கிடுங்க."

செயலாளர் மூன்று தடவை சொல்லி முடித்தார். நேசபாய் சேலை இடுப்பிலிருந்து பையை அவிழ்த்து மேசையில் வைத்தாள். ஒட்டுப்பால் சுரண்டிய காசு அது. மீதியைப் பால் விற்க விற்கத் தருவேன் என்றாள். செயலாளர் சரி என்றார். வேறென்ன சொல்ல முடியும்?

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து இஞ்சினை எழுப்பினாள். கோயிலின் பின்வாசல் திறந்து கிடந்தது. வாசலுக்கு அப்பால் என் கடை, கடையைத் தாண்டினால் மேடு. சபை மொத்தமும் வழி விட்டு நின்றது. அண்ணன் நடுவில் நின்றார். நகர்வதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். அவர் கையில் சபையார் கொடுத்த சர்க்கரைப் பொங்கல் இலை ஒன்று இருந்தது. எனக்கு அந்த நேரத்தில்கூட அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் அப்படியே நிற்கட்டும் என்றும் இருந்தது.

நேசபாய் கேன் தட்டைத் தலையால் காட்டினாள்.

"ஏறுதியளா, நடந்து வாறியளா?"

"நான் கோயிலுக்குக் குடுத்த வண்டி..."

"நீங்க கோயிலுக்குக் குடுத்திய. நான் கோயில்ல வாங்கியாச்சு. முட்டு நோவும், ஏறுங்க."

ஞானையன் பார்த்துக்கொண்டிருந்தார். அதனாலேயே ஏற மாட்டார் என்று நான் நினைத்தேன். அண்ணன் சுற்றிலும் பார்த்தார். தன் தேய்ந்த முட்டியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். பொங்கல் இலையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பால் கேன் உட்காருகிற கம்பித் தட்டில் ஏறி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டு விரலால் கிளச்சை ஒரு பிடி பிடித்தாள். வண்டி நகர்ந்தது. விட்டாள். என் கடையைத் தாண்டும்போது 'டக்'. மேடு தொடங்குமுன் இன்னொரு 'டக்'. இடது கை சும்மா கிடந்தது.

"கிளச்சு... நேசம், கிளச்சு!" என்று அண்ணன் கத்துவது கேட்டது.

அவள் தொடவில்லை. பால் கொட்டிப்போன அந்த வளைவில் வண்டி திரும்பியதும் பக்கவாட்டில் அவர்கள் இருவரும் நன்றாகத் தெரிந்தார்கள். அவள் பெருவிரலைத் தட்டிக் கீழ் கியருக்கு வந்தாள். பின்னால் தொங்கிக்கொண்டிருந்த அண்ணனின் இடது கால், மினி பஸ்ஸில் மிதித்த மாதிரியே, ஒன்றுமில்லாத இடத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. அடுத்த கியருக்கும் மிதித்தது. வண்டி அதைப் பற்றிக் கவலைப்படாமல் விளைக்குள் ஏறிப் போயிற்று.